பின் கேமராவுக்குப் பொட்டு

"ஸார், கேமராவுக்குப் போய் யாரு ஸார் பொட்டு வெச்சது?"

சர்வீஸ் சென்டரில் என் காருக்குப் பின்னால் குனிந்து நின்று கேட்டாள் மமதா. வண்டிகளை வாங்கிப் பார்த்துச் சீட்டுப் போடும் பெண். சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

வாங்கி ஐந்து மாதம்கூட ஆகாத கார். ரிவர்ஸ் எடுத்தால் திரையில் எங்கள் ஜோகுபாளையம் சந்து தெரிய வேண்டும். ஒரு வாரமாக ஒரே மங்கல். மூன்று வருட வாரண்டி இருக்கிறதே, சும்மா மாற்றித் தருவார்கள் என்று நம்பி வந்திருந்தேன்.

"எங்க வீட்டம்மாதான்," என்றேன்.

குமுதாவுக்கு எதைப் பார்த்தாலும் பொட்டு வைத்தாக வேண்டும். ஸ்கூட்டர் ஹெட்லைட், காஸ் சிலிண்டர், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச். வெள்ளிக்கிழமை காலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் எனக்கும் ஒன்று விழும்.

மமதா பொறுமையாக விளக்கினாள். வாரண்டியில் எஞ்சின் உண்டு, கியர் பாக்ஸ் உண்டு, ஏசி உண்டு, கேமராவும் உண்டு. டயருக்கும் வைப்பர் ரப்பருக்கும் எலி கடித்த ஒயருக்கும் கிடையாது. வீட்டு ஆட்கள் செய்கிற வேலைக்கும் கிடையாது. காய்ந்த சந்தனத்தைத் தேங்காய் நாரால் தேய்த்ததில் கண்ணாடி முழுக்கக் கீறல்.

"ஸ்ரீராம்புரத்துல எங்கம்மாவும் இப்டித்தான் ஸார். சொன்னா கேக்கவே மாட்டாங்க."

"இவ மட்டும் கேக்குறாளாக்கும்!"

இரண்டு பேருமாகச் சேர்ந்து குமுதாவைக் குறை சொன்னோம். வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பேச்சு முடியாமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

மமதா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டெலிவரி அன்னிக்கு பூஜை பண்ணும்போது எங்க ஷோரூம்காரங்க வெச்சதுன்னு எழுதிடட்டா? ஃப்ரீயா ஆயிடும். சும்மா எதுக்கு ஸார் துட்டு குடுக்கணும்?"

நல்ல பெண். புதுக் கேமராவின் விலை என் பென்ஷனில் பாதியைத் தின்றுவிடும்.

"பேடாம்மா, வேணாம்," என்றேன். "என் சம்சாரம் வெச்சதுன்னே எழுது. பேரையும் போடு. குமுதா."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிழைக்கத் தெரியாதவர் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் கேட்டபடியே எழுதி, தாளை நீட்டினாள். வாடிக்கையாளரின் மனைவி குமுதா பொட்டு வைத்ததால் ஏற்பட்ட சேதம், வாரண்டி பொருந்தாது.

அந்த வரியை இரண்டு முறை படித்தேன். கையெழுத்துப் போட்டு, என் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"புதுக் கேமராவுக்காவது வெக்க வேணாம்னு ஆண்ட்டிகிட்ட சொல்லுங்க ஸார்."

"சொல்றேன்."

இந்தக் கார்தான் வேண்டும், வெள்ளை வேண்டாம், நீலம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து புக் செய்தவள் குமுதா. ஆறு மாதம் ஆகும் என்றார்கள். சரி என்றாள்.

இதில் வைத்த வெள்ளிக்கிழமைப் பொட்டுகள் எல்லாம் நான் வைத்தவை. வண்டி வீட்டு வாசலுக்கு வந்தபோது அவள் போய் நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.