செல்லக்கண்ணு கண்ட கனவு

மொட்டையடித்துச் சந்தனம் தடவினால் தலை குளிர்ந்துவிடும் என்று திருச்சி ஜில்லா முழுவதும் ஒரு கருத்து நிலவுகிறது. இது தவறு. சந்தனம் காயும்வரைதான் குளிர்ச்சி. அதன்பிறகு தலை வழக்கத்தைவிட அதிகமாகச் சுடும். சந்தேகம் உள்ளவர்கள் 1958ஆம் வருஷம், ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், செல்லக்கண்ணுவைக் கேட்டிருக்கலாம்.

செல்லக்கண்ணு எஸ்.எஸ்.எல்.சி. மாணவன். அப்பா பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் ஃபிட்டர். பையன் சாமி இல்லை என்கிற கட்சி. காலைப் பிரார்த்தனையில் எழுநூறு பேர் கைகூப்பி நிற்கும்போது, அவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

இப்படிப்பட்டவர்களைப் பிடிப்பதற்காகவே தலைமையாசிரியர் ஆறு வருஷமாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பிரார்த்தனை செய்துவந்தார். செல்லக்கண்ணுவுக்கு இரண்டு தடவை பிரம்படி ஆகியிருந்தது. மூன்றாவது தடவை டி.சி. என்று சொல்லியிருந்தார்.

அவன் சமயபுரத்தில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தால் வகுப்பு சும்மா விடுமா?

"பகுத்தறிவுக்குக் காத்து வரட்டும்னு கூரையைப் பிரிச்சுட்டியாடா?" என்றான் பக்கத்தில் உட்காரும் கலீல்.

செல்லக்கண்ணு புத்தகத்தைத் திறந்தான்.

"நோன்பு மாசம் பூரா, பட்டினி கிடந்து யாரைடா கண்டேன்னு என்னைக் குடைஞ்சியே. இப்ப நான் ஒரே ஒரு கேள்வி கேக்கட்டா?"

"கேக்காதே."

அன்று காலையும் அவன் மொட்டைத் தலையோடு கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருந்தான். இரண்டாவது பீரியடில் தலைமையாசிரியரிடமிருந்து ஆள் வந்தது.

தலைமையாசிரியர் மேஜையில் டி.சி. பாரம் தயாராக இருந்தது. ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை. அது இன்னும் மோசம்.

"நேத்து சமயபுரத்துல உங்க அம்மாவைப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு. உன் கனவுல அம்மனே வந்து, உன் முடியைக் கேட்டாளாமே?"

செல்லக்கண்ணு டி.சி. பாரத்தைப் பார்த்தான்.

"வீட்டுல பக்தன். இங்க வந்தா வீரன். இந்த ரெட்டை வேஷத்துக்கு நான் டி.சி. குடுக்கப்போறதில்லை. நாளைக்குப் பிரார்த்தனையில மேடை ஏறு. அந்தக் கனவை எல்லாருக்கும் சொல்லு. சொல்லிட்டுக் கைகூப்பு. போதும்."

"முடியாது சார்."

"கைகூப்ப முடியாதா, கனவைச் சொல்ல முடியாதா?"

"ரெண்டும்தான் சார். கனவு எதுவும் வரலை."

அவர் பேனாவைக் கையில் எடுத்தார்.

"பெத்த தாயார்கிட்டயே பொய் சொல்லியிருக்கே."

"ஆமா சார்."

"எதுக்கு?"

செல்லக்கண்ணு முதல்முறையாகத் தரையைப் பார்த்தான்.

"சித்திரையில எனக்கு டைபாய்டு வந்தப்ப, அண்ணன் பிழைச்சா என் முடியைத் தரேன்னு தங்கச்சி வேண்டிக்கிட்டா சார். மூணாவது பாரம் படிக்கிறா. வயசுக்கு வந்த பொண்ணு மொட்டைத் தலையோட தெருவுல போகக்கூடாது, முடி வளர்ற வரைக்கும் ஸ்கூல் வேண்டாம்னு அப்பா சொல்லிட்டார். ஒரு வருஷம் நின்னா நின்னதுதான் சார். அப்புறம் அனுப்ப மாட்டாங்க."

"அதெல்லாம் மூடநம்பிக்கைன்னு வீட்டுல சொல்ல வேண்டியதுதானே? இங்க எங்களுக்கெல்லாம் சொல்றியே."

"ரெண்டு மாசம் சொன்னேன் சார். நான் சொன்னா எங்க வீட்டுல யார் கேட்டா? அதான், தங்கச்சி முடி வேண்டாம், பிழைச்சவன் முடியே போதும்னு அம்மன் கனவுல வந்து சொன்னதாச் சொன்னேன். அம்மன் சொன்னா உடனே கேட்டாங்க."

தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் அந்தத் தலையையே பார்த்தார். காதுக்கு மேலே காய்ந்த சந்தனம் உதிர்ந்துகொண்டிருந்தது.

"அம்மன் பேரால பொய் சொல்ல உனக்குப் பயமா இல்லை?"

"இல்லாத சாமிக்கு யார் முடின்னு தெரியவா போகுது சார்?"

"சரி, இதையாவது மேடையில சொல்லேன். உன்னை ரெட்டை வேஷம்னு சொன்னவங்க வாயை மூடுவாங்க."

"பள்ளிக்கூடத்துல பாதிப் பேர் பொன்மலைப் பசங்க சார். சாயங்காலமே அம்மா காதுக்குப் போயிடும். அடுத்த ஞாயித்துக்கிழமை தங்கச்சியை சமயபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க." கையை நீட்டினான். "டி.சி.யைக் குடுத்துடுங்க சார். வேற ஸ்கூல் பார்த்துக்கறேன்."

"வகுப்புக்குப் போடா" என்றார் அவர்.

மறுநாள் காலை மணி அடித்தது. எழுநூறு பேர் கைகூப்பினார்கள். செல்லக்கண்ணு வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

தலைமையாசிரியர் பாட்டு முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை.