பத்தாம் நாள் கடிதம்

அவள் இன்னும் மிஸ் பக்கம் போகவில்லை.

மற்றவர்கள் எல்லோரும் போய்க் காலைத் தொட்டுவிட்டு வந்தாயிற்று. பழைய தாவரவியல் வகுப்பறை. கரும்பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு, பொன்னாடை போர்த்தி, ரெஜினா மிஸ்ஸை உட்காரவைத்திருந்தார்கள். எண்பத்து நாலு வயது. உருவம் பாதியாகிவிட்டது.

அவள் கடைசி பெஞ்சில் இருந்தாள்.

சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். முப்பத்தெட்டு வருஷம் கழித்து, ஒரே ஒரு கேள்விக்காக.

ஏன் மிஸ் அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை?

அந்தக் கல்லூரியில் அப்போது ஒரு வழக்கம். ஒரு பெண் பத்து நாள் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்குப் பதிவுத் தபால் போகும். அப்பா நேரில் வந்து முதல்வர் அம்மா முன்னால் நிற்க வேண்டும். முந்தின வருஷம் சுப்புத்தாயின் அப்பா அப்படித்தான் வந்து நின்றார். உள்ளே என்ன பேச்சு நடந்ததோ, சுப்புத்தாயின் கல்யாணம் தள்ளிப்போனது. அவள் பரீட்சை எழுதினாள்.

அதனால்தான், அப்பா கல்யாணம் பேசி மச்சு அறையில் வைத்துப் பூட்டியபோது இவள் அழவில்லை.

பத்து நாள்தானே என்று இருந்தாள்.

பத்தாம் நாள் தபால்காரர் சைக்கிள் தெருவில் நின்றது. எதிர்வீட்டில்.

பன்னிரண்டாம் நாள் நிற்கவே இல்லை.

பதினேழாம் நாள் வாசலில் பந்தல்கால் நட்டார்கள். சத்தம் கேட்டது. சன்னலை விட்டு அவள் நகரவில்லை.

இருபத்தோராம் நாள் தாலி.

மாப்பிள்ளை அவளைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர். மூட்டைக்குள் அவள் ஒளித்துக் கொண்டுபோன புத்தகங்களை, கல்யாணமான வாரத்திலேயே அடுப்பில் வைத்தார். அவர் போய்ச்சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

அவரைக்கூட ஒருவிதமாக மறக்க முடிந்தது. மிஸ்ஸை முடியவில்லை.

“ஏட்டி, என்ன ஒளிஞ்சு உக்காந்திருக்க? எந்திரி.”

தங்கபுஷ்பம். அந்நாளில் பக்கத்து இடத்துக்காரி. இவள் எண்ணைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தவளும் அவள்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மிஸ் முன்னால் நிறுத்தினாள்.

“மிஸ், இவதான் முப்பத்தொம்போதாம் நம்பர். ஒங்களுக்கு எங்க தெரியப்போகுது? நீங்க தலைய நிமித்துனாத்தான? ரிஜிஸ்டரப் பாத்தே நம்பரக் கூப்பிடுவீங்க. இன்னிக்கு உண்மையச் சொல்லிருதேன். ரெண்டாம் வருஷம் இவ நாப்பத்திரண்டு நாள் வகுப்புக்கே வரல. ஒருநாள் விடாம, கொரல மாத்தி, இவளுக்கும் நான்தான் ‘பிரசென்ட் மிஸ்’.”

வகுப்பே சிரித்தது.

“ஒன் கொரல் ஆம்பளக் கொரலுல்லா, எப்பிடிட்டி மாத்துன?” என்றாள் ஒருத்தி.

“காய்ச்சலோட வந்து சொல்லிருக்கேன், தெரியுமா? அட்டெண்டன்ஸ் கொறஞ்சா பரீட்சை எழுத விடமாட்டாங்கள்லா. எப்பிடியும் இவ வந்துருவான்னு இருந்தேன்.”

தங்கபுஷ்பம் அவள் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். கை வெதுவெதுப்பாக இருந்தது.

நாற்பத்திரண்டு நாள்.

வரவில்லை என்பதே அந்த ரிஜிஸ்டரில் ஏறவில்லை. தினமும் வந்ததாக இருக்கும் பெண்ணுக்கு யார் கடிதம் போடுவார்கள்?

மிஸ் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். மாட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அத்தன நாளும் நீ எங்கம்மா இருந்தே?”

இதை இதுவரைக்கும் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

அவள் தங்கபுஷ்பத்தைத் திரும்பிப் பார்த்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. தன் வாழ்நாளில் செய்த ஒரு நல்ல காரியமாக இதை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து, இன்றைக்குத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

“வீட்டுலதான் மிஸ்” என்றாள் அவள். “பூட்டி” என்று தொடங்கினாள். பிறகு, “கல்யாணம் வச்சிருந்தாங்க.”

“அடி கள்ளி, எங்ககிட்ட மூச்சு விட்டியா நீ?” என்றாள் தங்கபுஷ்பம்.

கைதட்டல். முதலில் தட்டியது தங்கபுஷ்பம்.

மிஸ் தட்டவில்லை. அவர் கை நீண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு தெரியும் கை. அப்போது எந்தக் கடிதத்தை யார் எதிர்பார்த்தார்கள் என்பது அந்த வயதிலும் அவருக்குப் புரிந்துவிட்டது.

தங்கபுஷ்பம் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.

மிஸ் அவள் பக்கம் திரும்பி, உண்மையைச் சொல்வதற்கு வாய் திறந்தார்.

இவள் வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.