தோல் முட்டை

“இண்டைக்கும் தோல் முட்டைதானோ?”

கதிரையில் இருந்தபடியே கேட்டார் பீற்றர். மெற்றில்டா உள்ளங்கையை நீட்டினாள். ஓடில்லாத முட்டை, வெறும் தோலோடு, தொட்டால் அமுங்கியது. இதை யார் வாங்குவார்கள்?

“நான் அப்பவே சொன்னனான். உந்தக் கோழியளை ஆருக்கும் குடுத்துப்போட்டு பேசாலைக்குப் போவம். ஜெனிஸ்ரா தன்ர வீட்டுக்கு வரச்சொல்லி நெடுகக் கேக்கிறாள்.”

“மகளோட போய் இருந்தா, எங்கட வீட்டை ஆர் கேக்கிறது?”

பீற்றர் முட்கம்பிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சண்டை முடிந்தது, சனத்தை ஊரில் குடியேற்றியாயிற்று என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஊர் என்னவோ முட்கம்பிக்கு அந்தப் பக்கம், ராணுவ முகாமுக்குள் கிடந்தது. இவர்களுக்கு வாய்த்தது இந்தப் பக்கத்துக் காட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டில். கடலும் அந்தப் பக்கம்தான். வலை வீசிய பீற்றர் கதிரையே கதியென்று இருக்க, வாழ்வாதாரம் என்று யாரோ கொடுத்த கோழிகள்தான் இரண்டு வயிற்றுக்கும் வழி. அவை ஒழுங்காக முட்டையிட்டால் இங்கே தாக்குப்பிடிக்கலாம். ராணுவம் ஊரைத் திருப்பி விடுகிற நாளில் முதல் ஆளாகப் போய் வீட்டுக் கதவைத் திறக்கலாம்.

கோயிலடி வீடு அது. ஜெனிஸ்ராவின் முதல் நன்மைப் பூசைக்கு மெற்றில்டா தன் கையாலேயே நீலம் அடித்த வீடு. ஊரைவிட்டு ஓடிய அன்று திரும்பிப் பார்த்தாள். செல்லடிக்கும் அசையாமல் நின்றது.

“கால்நடை ஐயா என்னவாம்?” என்றார் பீற்றர்.

“சிப்பி இடிச்சுப் போடட்டாம். கடற்கரைச் சனத்துக்குச் சிப்பிக்கும் பஞ்சமோ எண்டு கேட்டுச் சிரிக்கிறார்.”

அவருக்கென்ன, சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மெற்றில்டா முட்டையை ஏந்திக்கொண்டு முகாம் வாசலுக்கு நடந்தாள்.

“தம்பி, கோழிக்குக் கொஞ்சம் சிப்பி பொறுக்கோணும். கரைக்கு ஒருக்கா விடுங்கோ.”

காவலுக்கு நின்ற பொடியன் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினான். “கடல் போக ஏலாது அம்மே. பெரிய ஐயா ஏசும்.” பிறகு அவள் கையைப் பார்த்தான். “எங்கட வீட்டிலயும் கோழி இருக்குது. அம்மா பழைய சுண்ணாம்பு இடிச்சுப் போடும். நான் தாறன்.”

சொன்னபடியே மறுநாள் ஒரு பை தந்தான். பாவம், தானே மாவாக இடித்தும் வைத்திருந்தான். கோழிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு தின்றன. அது தீர இன்னொரு பை, பிறகு இன்னொன்று.

ஒரு காலை பீற்றர் முட்டையைக் கதிரைக் கையில் தட்டிப் பார்த்தார். டொக் என்றது.

“எடியே, கல்லு மாதிரி இருக்குது!”

எத்தனையோ காலத்துக்குப் பிறகு மனிசன் சிரித்தார். பேசாலைப் பேச்சு அதோடு போயிற்று. “வீட்டை விடட்டும், திரும்ப ஒருக்கா நீலம் அடிப்பம்” என்றுகூடச் சொன்னார்.

மெற்றில்டாவுக்கு மனம் கொள்ளாத சந்தோஷம். நல்ல முட்டைகளாகப் பார்த்து ஓலைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“இந்தாங்கோ தம்பி, உங்களுக்குத்தான். மாதா உங்களைக் காப்பாத்துவா. இண்டைக்கும் ஒரு பை தாங்கோ.”

பொடியன் வெட்கப்பட்டுச் சிரித்தான். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

“சுண்ணாம்பு முடிஞ்சுது அம்மே. கோயில் பக்கத்தில பழைய நீல வீடு ஒண்டு உடைச்சது, அதிலதான் எடுத்தது. நேத்து கடைசிச் சுவரும் போயிட்டுது.”

அவள் முகம் வெளிறிப்போனதைக் கண்டு பதறினான்.

“யோசிக்க வேணாம் அம்மே. பக்கத்தில இன்னும் நிறைய வீடு இருக்குது.”