அடைத்த துளை

இன்றும் ஈரம்.

மதிலோரம். வெட்டிய அரநெல்லி மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில். ஓர் உள்ளங்கை அகலம்.

அவன் குனிந்து தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. மணி ஏழு. எட்டுக்குள் காய்ந்துவிடும். நாளைக் காலை மறுபடி இருக்கும்.

பாங்காக்கின் ஓரத்தில் இருந்த அந்தச் சந்துக்குக் குடிவந்து இரண்டு வருடம். வாடகை வீடு. மழை பெய்து மூன்று வாரம்.

“ஒரு சொட்டு எங்கயாச்சும் ஒழுகுனாப் போதும், உங்களுக்குச் சோறு இறங்காதுங்களே,” என்றாள் சுகந்தி, சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து.

மனைவி சொன்னது உண்மைதான்.

முதலில் குழாய்களைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டருக்கு முன்னால் உட்கார வேண்டும். கண்ணாடிக்குள் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். வீட்டில் எந்த மூலையில் கசிந்தாலும் அது சுற்றும்.

உட்கார்ந்தான். சுற்றவில்லை.

அடுத்தது பிளாஸ்டிக் தாள். ராத்திரி அந்த இடத்தில் விரித்துவிட வேண்டும். காலையில் தாளுக்கு அடியில் ஈரம் என்றால் தண்ணீர் மண்ணிலிருந்து வருகிறது. மேலே என்றால் வெளியிலிருந்து.

மேலே இருந்தது.

தாள் முழுக்க நனைந்திருந்தால் பனி. மதில் பக்கத்து விளிம்பு மட்டும் நனைந்திருந்தது.

அந்த விளிம்பிலிருந்து பாசியை விலக்கினான். ஒரு துளை. கட்டைவிரல் நுழையும். மழைத்தண்ணீர் தேங்காமலிருக்க மதிலின் அடியில் கொத்தனார்கள் விடுவது.

மதிலுக்கு அந்தப் பக்கம் பீ லம்துவனின் வீடு.

பீ என்றால் தாய்லாந்து மொழியில் அக்கா. ஊருக்குத் துணி துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பவள். அவனுடைய சட்டைகளும் அவளிடம்தான் போகும். மதிலுக்கு மேலாகவே போய், மதிலுக்கு மேலாகவே வரும். அவள் வீட்டு கேட்டை அவன் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை.

துணி துவைத்த தண்ணீர் என்று முடிவுகட்டினான்.

எதையும் ஒழுங்காகச் செய்பவன். சிமெண்டைக் குழைத்து, குச்சியால் இடித்து இடித்து, மதிலின் மொத்தக் கனத்துக்கும் துளையை அடைத்தான்.

மறுநாள் மண் காய்ந்திருந்தது.

அன்று முழுக்க அவனுக்குச் சந்தோஷம்.

நான்காம் நாள், ஞாயிறு, சுகந்தி சட்டை அடுக்கோடு உள்ளே வந்தாள். கட்டிலில் வைத்தாள்.

“அது துவைக்கிற தண்ணி இல்லீங்க.”

அவன் நிமிர்ந்தான்.

“காலைல ஆறு மணிக்குப் பிட்சுங்க வர்றாங்கல்ல. பீ அவங்களுக்குச் சோறு போட்டுட்டு, அவங்க மந்திரம் சொல்லி முடிக்கிற வரைக்கும் சின்னச் செம்புல இருந்து கிண்ணத்துல தண்ணி ஊத்துவாங்க. புண்ணியம் செத்தவங்களுக்குப் போய்ச் சேரணும்னு. அப்புறம் அந்தத் தண்ணிய மரத்தடி மண்ணுல விட்டாகணுமாம். சிமெண்டுல ஊத்துனாச் சேராதாம்.”

பீ லம்துவனின் முற்றம் முழுவதும் சிமெண்ட் என்றாள்.

“அவங்க வீட்டுக்காரருக்குங்க. ஆறு வருசமா அந்த ஓட்டை வழியாத்தான், நம்ம பக்கத்து மரத்துக்கு. நீங்க மரத்த வெட்டுன பின்னால, மிச்சமிருந்த கட்டைக்கு.”

அவன் சட்டைகளைப் பார்த்தான். ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தன.

மரத்தை வெட்டி இரண்டு மாதம். பழம் விழுந்து காரெல்லாம் கறை. வீட்டு உரிமையாளரிடம் கேட்டான், வெட்டிக்கொள்ளச் சொன்னார். வேறு யாரையும் கேட்கத் தோன்றவில்லை. கிளைகள் சரிந்தபோது அவள் மதிலுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தாள். “மை பென் ராய்,” என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவன் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

“இப்ப எங்க ஊத்துறாங்க?”

“கோயில் அரச மரத்துக்கு. கிண்ணத்த ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நடந்தே போறாங்க. அந்த வலிக்கிற முழங்காலோட.”

கோயில் ஒரு கிலோமீட்டர்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நானும் அதத்தான் கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“மை பென் ராய்,” என்றாள் சுகந்தி. பிறகு சட்டைகளை அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.

அவன் துளைபோடும் மெஷினை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். மதிலுக்கு முன்னால் மண்டியிட்டான்.

சிமெண்ட் இறுகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தான்.

“அடைக்கறப்ப பத்து நிமிசங்கூட ஆகல,” என்றது ஜன்னல்.

ஒரு துளைக்கு இரண்டு வாய். தண்ணீர் வெளியே வரும் வாய் இந்தப் பக்கம். அது எங்கே இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

உள்ளே நுழையும் வாய் அந்தப் பக்கம். அது அவள் முற்றத்துத் தரைக்குச் சரிசமமாக இருக்க வேண்டும். ஒரு விரல் உயர்ந்தால் தண்ணீர் அவள் காலடியிலேயே தேங்கிவிடும். ஒரு விரல் தாழ்ந்தால் அவளுடைய தரையே உடையும்.

அது மட்டுமல்ல. எந்தப் பக்கம் துளையிட்டாலும் முனை வெளியேறும் பக்கத்தில்தான் பூச்சு பெயரும். இங்கிருந்து போட்டால் சிதறுவது அங்கே. கொடியில் வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருக்கும்.

அவளுடைய தரை எந்த உயரத்தில் இருக்கிறது?

எழுந்து நின்றான். எக்கினான். மதிலுக்கு மேல் துணிகள்தான் தெரிந்தன.

இரண்டு வருடமாக அவன் பார்த்ததும் அவ்வளவுதான்.

மெஷினின் வயரைச் சுற்றி எடுத்துக்கொண்டான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான்.

துளையை அவள் பக்கத்திலிருந்துதான் போட வேண்டும்.