மாடி வீட்டு வைஃபை

வைஃபை கனெக்ட் ஆகிவிட்டது. இன்டர்நெட்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

மெக்கானிக் லேப்டாப்பை மனைவியின் மடியிலிருந்து வாங்கித் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊரில் பாதி ஏசி அவர் கைபட்டுத்தான் குளிர்கிறது. அவருக்கு இதெல்லாம் சுண்டைக்காய்.

இன்னும் பத்து நிமிஷத்தில் அவளுக்கு வீடியோவில் இன்டர்வியூ. மகள் பிறந்தபோது விட்ட கணக்கு வேலை. இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். எத்தனையோ கம்பெனிக்கு எழுதிப் போட்டதில் இந்த ஒன்றுதான் கூப்பிட்டிருக்கிறது. சேலையின் இஸ்திரி மடிப்புக் கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

லேப்டாப்பை அணைத்துப் போட்டார். ரௌட்டர் ஒயரைப் பிடுங்கி, வாயால் ஊதி, திரும்பச் செருகினார். விளக்கெல்லாம் பச்சை. அவர் போனில் நெட் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவள் அண்ணன் கொடுத்த இந்தப் பழைய லேப்டாப்புக்கு மட்டும் அதே பல்லவி: கனெக்ட் ஆகியிருக்கிறது, இன்டர்நெட் இல்லை.

கைதான் வேலையாக இருந்தது, வாய் சும்மா இருக்குமா? நிமிர்ந்து உட்காரு, கையை ஆட்டாதே, தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதே என்று பாடம் நடத்திக்கொண்டே இருந்தார். அவள் ஒரு பல்பு மாட்டப் போனாலும் "அப்படியில்லம்மா" என்று ஸ்டூலில் ஏறிவிடுகிற மனுஷன். பிரியத்தில்தான். அவளும் வழக்கம்போலத் தலையாட்டினாள்.

பிறகு திடீரென்று பிடிபட்டுவிட்டது அவருக்கு. இது மாடி வீட்டு டீச்சரம்மா வேலைதான்!

நேற்று சாயங்காலம் வீட்டு நெட்டில் 'தெரியாத சாதனம்' ஒன்று புதிதாக ஒட்டிக்கொண்டதை அவர் போன் காட்டிக்கொடுத்தது. மாடியிலிருந்து ஓசியில் உறிஞ்சுகிறார்கள் என்று முடிவுகட்டி, போனிலேயே அதற்கு நெட் கிடைக்காமல் தடுத்துவிட்டார். காலையில் அந்தம்மா படியில் பார்த்துச் சிரித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கடுப்பில் எதையோ நோண்டிவிட்டிருக்கிறார்கள். மேலே போய் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று எழுந்தார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, மாடி வீட்டு வைஃபையைத் தொட்டாள். பாஸ்வேர்டே கேட்காமல் உடனே ஒட்டிக்கொண்டது. நெட்டும் வந்தது.

பாஸ்வேர்டு கேட்காமல் எப்படி ஒட்டியது என்று கேட்டார்.

"ரெண்டு மாசமா டீச்சரம்மா வீட்டுலதாங்க படிச்சேன். இன்டர்வியூவுக்குப் பேசிப் பழகினதும் அங்கதான். இங்க வச்சு நேத்துதான் இதைத் திறந்தேன்."

நேற்று. அந்தத் 'தெரியாத சாதனம்'.

அவர் மெல்ல உட்கார்ந்தார். ரெண்டு மாசமாக லேப்டாப் பீரோவில் தூங்குகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார். ஏன் அங்கே போனாய் என்று கேட்க வாயெடுத்தார். அப்படியில்லம்மா, இப்படி என்று தன் குரலே காதில் விழுந்தது. கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

திரையில் மூன்று முகங்கள் வந்தன. அவள் கொஞ்சம் கூனி உட்கார்ந்திருந்தாள். நிமிரு என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. விழுங்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

உள்ளே அவள் பேச ஆரம்பித்தாள். கணீரென்று, தடங்கலே இல்லாமல், நடுவில் ஏதோ சொல்லி அந்த மூன்று பேரையும் சிரிக்க வைத்து.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். அந்தக் குரலை அவர் இன்றுதான் கேட்கிறார்.