பெருநாள் வாழ்த்து கொண்டுபோன புறாக்கள்

அன்று புது அரண்மனைக் கூண்டில் இருந்தவர்கள்: பழைய தலைநகரில் பிறந்த தூதுப் புறாக்கள் பன்னிரண்டு, இங்கே பொரித்த தகப்பனில்லாக் குஞ்சு ஒன்று, வாயாடிக் கிளி ஒன்று.

வடக்கே இருந்த பழைய நகருக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்ப, சுல்தான் எல்லாப் புறாக்களின் காலிலும் கடிதம் கட்டச் சொன்னார். தூதுப் புறா பிறந்த இடத்துக்கு மட்டுமே பறக்கும், திரும்பி வராது.

“லாத்தா, அங்கே மாதுளை பூத்திருக்கும். வா!” என்றது தங்கைப் புறா.

“நீரூற்றுச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது,” என்றது குஞ்சின் தாய் ஃபிரோசா.

“போய் வா பேகம். குஞ்சுக்கு நான் கதை சொல்கிறேன்,” என்றது கிளி.

“உன் கதையால் அதன் வயிறு நிறையுமா?”

கூண்டு திறந்தது. ஃபிரோசா வடக்கே பார்த்தபடியே குஞ்சுக்கு இரை ஊட்டியது.

பறந்தவை பதினொன்று. மீந்தவர்கள் மூவர்.