பத்து நிமிடம்

அந்த இங்கிலாந்து ஊரின் கடைசி மதுக்கூடமான பப்பை மூடிய மறுமாதமே பாஸ்கரன் அந்த இடத்தில் பலசரக்குக் கடை போட்டுவிட்டான். பழைய சுவர்க்கடிகாரம் மட்டும் அதே ஆணியில் தொங்கியது. அதற்காகவே டோரின் ரொட்டி வாங்க அங்கே வருவாள்.

முப்பது வருடம் அவள் அங்கே பியர் ஊற்றிக் கொடுத்தவள். பிற்பகல் இரண்டரைக்குக் கதவைச் சாத்த வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். ஆட்கள் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள் என்று முதலாளி கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்திருந்தார். எல்லோரும் அதை நம்பிக் கிளம்பிவிடுவார்கள். தபால்காரர் வால்டர் மட்டும் தன் கைக்கடிகாரத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். டோரின் துடைத்த மேசையையே திரும்பத் துடைப்பாள். பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. பிறகு அவர் எழுந்து, மனைவி காத்திருக்கும் வீட்டுக்குப் போய்விடுவார்.

"அன்ரி, உந்த மணிக்கூடு பத்து நிமிசம் கூடக் காட்டிக்கொண்டு கிடந்தது. இப்பதான் திருத்தினனான்," என்றான் பாஸ்கரன் பெருமையாக, அன்று ரொட்டி எடுத்துக்கொண்டு வந்தவளிடம்.

டோரின் அண்ணாந்து பார்த்தாள். மணி சரியாக இரண்டரை. ரொட்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"தம்பி, ஏணி இருக்கா?"